பொழுது சாய ஒரு கறுப்புக் கோட்டு

டீ மேக்கர் சத்தியநேசன் இறந்த அன்று எங்கள் மலையில் பொழுது சாயவில்லை. மேற்கே ஆனைக்கல் என்று நாங்கள் சொல்லும் பாறையின் முதுகில் வந்து உட்கார்ந்த சூரியன் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வெயில் மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வந்து, தேயிலைச் செடிகளின் நிழலெல்லாம் நீண்டு அடுத்த வரிசைச் செடியின் காலைத் தொட்டு, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட நகராமல் நின்றது. எங்களில் யாரும் அதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. அவர் உடுத்தவில்லை, அதனால் பொழுது சாயவில்லை, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆனைக்கல் எஸ்டேட்டின் ஃபாக்டரியில் கொழுந்து வாடுவதையும் உருள்வதையும் பொரிவதையும் மேற்பார்வையிட்ட மனிதர் அவர், வாழ்நாள் பூராவும் காக்கி அரை டிரவுசரும் தேயிலைத் தூசியுமாகத் திரிந்தவர். அவர் வாலிபராக இருந்தபோது கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பினார். அதற்கு முந்திய சனிக்கிழமை கிளப்பில் ஒரு விருந்து வைத்தார். அதுவரை நம்மவர்கள் படியேறாத அந்தக் கிளப்புக்கு ஃபாக்டரி ஆட்களுக்கும் அழைப்பு வந்தது. அழைப்பில் உடுப்பு இன்னதென்று எழுதியிருந்தது: கறுப்புக் கோட்டு, காலரில் பட்டு, காலின் இரு பக்கமும் பட்டுக் கரை ஓடுகிற கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி விரிந்து நிற்கும் கறுப்பு போ டை. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மற்றவர்கள் புஷ் சட்டையில் போய்விட்டார்கள். சத்தியநேசன் மட்டும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்த் தைத்துக்கொண்டு வந்தார்.

அந்த விருந்தில் கறுப்பில் இருந்தது மூன்றே பேர். துரை, சத்தியநேசன், சூப் ஊற்றிய பட்லர். பட்லர் துரைக்கு ஊற்றிவிட்டு இவருக்கு ஊற்றக் குனிந்தபோது, எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் மூன்று பேரும் ஒன்றாகத் தெரிந்தார்களாம். மூன்று வெள்ளைச் சட்டை, மூன்று கறுப்பு முடிச்சு. யார் யாருக்குப் பரிமாறுகிறார் என்று ஒரு நிமிஷம் இவருக்கே விளங்கவில்லையாம். வீட்டுக்கு வந்து மனைவி ரூபாவதியிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் மறுபடியும் அதையே எடுத்து உடுத்தினார்.

“இன்னைக்கு யாருங்க கூப்பிட்டா?” என்றாள் ரூபாவதி.

“யாரும் கூப்பிடலை. சாயங்காலம் வருதில்ல ரூபா? வர்றவங்க முன்னால காக்கி டிரவுசரோடயா போய் நிக்கிறது?”

“நல்லாத்தான் இருக்கு. சிரிக்கப் போறாங்க.”

“சிரிக்கட்டும். பகல் பூரா ஒருத்தன் தொர, ஒருத்தன் கங்காணி, ஒருத்தன் கொழுந்து சுமக்கிறவன். உடுப்பைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். ராத்திரிக்கு உடுத்துறவன் எல்லாரும் ஒண்ணு போல உடுத்துறான். அந்தக் கணக்கெல்லாம் இன்னையோட முடிஞ்சுதுன்னு சொல்றதுக்குத்தான் கறுப்பு. நேத்து ராத்திரிதான் எனக்கு அது புரிஞ்சுது.”

சிரிக்கத்தான் செய்தோம். கல்யாணத்துக்குக் கறுப்பு ஆகாது, சடங்குக்குக் கறுப்பு ஆகாது, இந்த மனிதர் தினமும் கறுப்பில் கிளம்புகிறாரே என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆள் வராத கிளப்பின் வராந்தாவில் ஆனைக்கல்லைப் பார்த்துப் போட்ட ஒரு மர நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். வழியில் போகிறவன் யாராயிருந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். இருட்டியதும் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார். மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார், ஓய்வு பெற்ற பிறகும் போனார். வெயில் தாழுமுன் அந்தக் கோட்டை ஒரு தடவைகூட அவர் உடலில் நாங்கள் பார்த்ததில்லை. ‘ஐயா கிளம்பிட்டாரு, கோழியை அடைங்க’ என்று எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் குரல் கொடுக்கும் பழக்கம் வந்தது. பிறகு அவர் கிளம்புவதைப் பார்த்துத்தான் விளக்கேற்றினோம். பிறகு, இது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அவர் கிளம்புவதைப் பார்த்துத்தான் சூரியனும் இறங்க ஆரம்பித்தது.

டை கட்டத் தெரியாது அவருக்கு. முதல் நாள் பட்லர் கட்டிவிட்டான். விருந்து முடிந்து வந்தவரின் கழுத்தில் அதை அவிழ்த்தது ரூபாவதி. எது எதன் மேலே போகிறது, எது எதற்குள் நுழைகிறது என்று பார்த்துப் பார்த்து அவிழ்த்தவள், மறுநாள் அதையே கடைசியிலிருந்து முதலாகச் செய்துவிட்டாள். அன்றிலிருந்து அவள்தான். எதிரே நின்று கட்டத்தான் அவளுக்குத் தெரியும். தன் கழுத்தில் கட்டச் சொன்னால் கை திணறிவிடும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒரு நாளில் அவ்வளவு நெருங்கி நிற்பது அந்த நேரத்தில்தான். அவர் மோவாயைத் தூக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவள் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இறுக்குவாள். “சரியா இருக்கா?” என்பார். “இருக்கு, போங்க” என்பாள். சண்டை போட்ட நாட்களிலும் இந்த இரண்டு பேச்சு நிற்காது.

அவர் இறந்த அன்று காலையில் காபிக்குச் சர்க்கரை போதாது என்று முறைத்துக்கொண்டு பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வெயில் தாழ ஆரம்பித்தபோது தேய்த்த வெள்ளைச் சட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு ரூபாவதி வந்து, “என்னங்க, நேரமாச்சு” என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. சட்டையின் சூடு அவள் கையில் இன்னும் இருந்தது. அதை அவர் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், அழவில்லை.

வேதக்கோயில் மணி அடித்தது. ஆட்கள் போய்க் குழி வெட்டினார்கள். போதகர் ஐயா வந்து, “இருட்டுறதுக்குள்ள எடுத்துடணும்மா” என்றார். ரூபாவதி வாசலுக்கு வந்து ஆனைக்கல்லைப் பார்த்தாள்.

“பொழுது இருக்கே ஐயா. என்ன அவசரம்?”

போதகரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். பொழுது இருக்கத்தான் செய்தது. காத்திருந்தோம், இன்னும் இருந்தது. டீக்கடைக்குப் போய்விட்டு வந்தோம், இன்னும் இருந்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் தொண்டை கட்டிப் போய்க் கிளம்பினார்கள், குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள், சூரியன் மட்டும் பாறையின் முதுகைவிட்டு இறங்கவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். பழகிக்கொள்வதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. மாரியம்மன் கோயில் பூசாரி சாயரட்சைக்குச் சூடத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அஸர் தொழுதவர்கள் பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபுக்காகப் பள்ளிவாசல் படியிலேயே இருந்தார்கள், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கடையிலிருந்து டீ போயிற்று. கோழிகள் கூண்டு வாசலில் வந்து நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்து, யோசித்தபடியே நின்றுகொண்டு கண் சொருகின. அந்தி மந்தாரைகள் பாதி இதழ் அவிழ்ந்து நின்றன. நாளைக்கு வருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். நாளைக்குக் கல்யாணம் என்று பந்தல் போட்டிருந்த வீட்டில் வெட்டிய வாழை மரம் வாடாமல் நின்றது, மாப்பிள்ளைப் பையன் அதனடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

இதெல்லாம் எங்கள் மலைக்கு மட்டும்தான். கடைசிக் கொண்டை ஊசி வளைவில் நின்று பார்த்தால் கீழே சமவெளியில் ராத்திரி வந்து நிறைவதும், ஊர்களில் விளக்கு எரிவதும், பிறகு அது வடிந்து காலை வருவதும் தெரியும். பஸ்காரர் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறி வருவார், வளைவு திரும்பியதும் அணைத்துவிடுவார். “உங்க ஊர்ல கரண்ட் மிச்சம்” என்று சிரிப்பார். கீழே நாட்கள் போயின. நாங்கள் எண்ணவில்லை, எங்களுக்கு எல்லாம் ஒரே சாயங்காலம்.

மேனேஜர் நரேந்திரன் படித்த பையன், கெட்டவனில்லை. ஆனால் கம்பெனி விதி என்று ஒன்று இருந்தது. பனியிலும் மேகத்திலும் கடிகாரத்தை நம்ப முடியாது என்று அந்தக் காலத்துத் துரைமார் வைத்த விதி. சூரியன் ஆனைக்கல்லுக்குப் பின்னால் இறங்கினால்தான் ஃபாக்டரிச் சங்கு ஊதும், சங்கு ஊதினால்தான் வேலை முடிந்தது. “நாள் கூலிதானே? நாள் முடியட்டும், நான் மட்டும் என்ன பண்ண?” என்றான் அவன். தொழிற்சங்கத்துக்காரர்கள் கத்திப் பார்த்தார்கள், பிறகு ஆட்கள் அவரவர் இஷ்டத்துக்கு லயத்துக்குப் போய்ப் படுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் விஷயத்தின் மறுபக்கம் தெரிந்தது. தூக்கம் வரவில்லை. கதவை அடைத்தாலும், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாலும், தலையோடு போர்த்திக்கொண்டாலும் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. சும்மா படுத்துக் கூரையைப் பார்ப்பதற்குக் கொழுந்தாவது கிள்ளலாம் என்று பெண்கள் திரும்பவும் மலையேறினார்கள். கண் எரிய, கால் தள்ளாட, பேச்சு மறந்து, அந்தத் தேன் நிற வெயிலில் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி முத்துராக்கு. அவளுக்கு ஒரு கைப்பிள்ளை, தவழக்கூட ஆரம்பிக்காத பெண் குழந்தை. பெரியவர்கள் தூக்கமில்லாமல் எப்படியோ நடமாடினோம், அந்தப் பிள்ளையால் முடியவில்லை. முதலில் விடாமல் அழுதது. பிறகு சிணுங்கியது. பிறகு அதுவும் நின்று, விழித்த கண் விழித்தபடி, கூரையின் இடுக்கில் வரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பாலைக் கொடுத்தால் வாயில் வாங்கிக்கொள்ளும், உறிஞ்சாது. முத்துராக்கு அதைத் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவைத் தாண்டிக் கீழே இருட்டுக்குள் போய் மரத்தடியில் மடியில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். மலை மேல் பிறந்த பிள்ளை அது, அதன் பொழுது இன்னும் சாயவில்லை. இருட்டுக்குள்ளும் அதன் கண் திறந்தே இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறி வந்தாள்.

என்ன செய்தால் பொழுது சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும், யார் செய்வது என்பதில்தான் குழப்பம். மேனேஜர் தன் கல்யாண ரிசப்ஷன் கோட்டை மாட்டி, நீளமான நீல டை கட்டி, கிளப் வராந்தாவில் போய் நின்றான். நாங்கள் சாலையில் கூடினோம். அவன் எங்களைப் பார்த்து, “ஏன் கூட்டம் போடுறீங்க, வேலையைப் பாருங்க” என்றான். சூரியன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சங்கத் தலைவர் ஒரு கறுப்புத் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு உட்கார்ந்து பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்புச் செய்தோம். அவர் உடுத்தினால்தானே சாயும், அவருக்கே உடுத்திவிடுவோம் என்று போய் ரூபாவதியிடம் சொன்னோம்.

அவள் மறுக்கவில்லை. கட்டிலில் கிடந்தவரை நாலு பேர் பிடித்துக் கோட்டை மாட்டினார்கள். அவர் உடம்பு கெடவே இல்லை, செத்த நாள் இன்னும் முடியாததால் கை கால்கூட விறைக்காமல், தூங்குகிறவர் போலத்தான் கிடந்தார். ரூபாவதி குனிந்து டை கட்டினாள். படுத்திருக்கிற கழுத்தில் முடிச்சு கோணிக்கொண்டு போயிற்று. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். சூரியன் அசையவில்லை. அப்போதுதான் எங்களுக்கு வெட்கமாயிற்று. நிமிர்ந்து நின்றே ஒவ்வொரு நாளும் போட்ட கோட்டை, படுக்கப் போட்டு அந்த மனுஷனுக்கு மாட்டிவிட்டோமே! அதோடு, உடுத்துவது என்றால் உடுத்திக்கொண்டு எங்காவது போக வேண்டும், போனால் எதிரே வருகிறவரைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டும், இருட்டிய பிறகு வந்து கழற்றி மாட்ட வேண்டும். அவருக்கு இனி அது எதுவும் இல்லை.

ரூபாவதி எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை நாங்கள் பார்த்தோம்.

பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். போதகர் வந்து தட்டினால், “இன்னைக்குப் பொழுது இன்னும் இருக்கு ஐயா” என்பாள். பாதி காபியோடு அந்த டம்ளர் மேசை மேலேயே இருந்தது. அவள் கழுவவில்லை, அதில் பாலாடைகூடக் கட்டவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, காலையில் சர்க்கரை போதாமல் போனதைப் பற்றி அவரிடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

முத்துராக்கு அங்கே போனது அப்படி ஒரு வேளையில். கொழுந்துப் பையைக்கூடத் தலையிலிருந்து இறக்கவில்லை, இடுப்பில் பிள்ளை. கதவு திறந்ததும் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

“தண்ணி வேணுமா ராக்கு?” என்றாள் ரூபாவதி.

“வேணாம்மா.” பிள்ளையை மடியில் படுக்க வைத்தாள். “இதைப் பாருங்க.”

ரூபாவதி பார்த்தாள். பிள்ளையும் அவளைப் பார்த்தது. அதன் கண்ணைச் சுற்றிக் கருவளையம், ஒரு கிழட்டுப் பார்வை.

“அழவாச்சும் செஞ்சா தேவலை. அழுகைகூட நின்னு போச்சு. கை வச்சு மூடுனாலும் கண்ணு மூட மாட்டேங்குது.”

“நான் என்ன செய்ய? ஐயாவுக்கே கட்டிப் பார்த்தாச்சு, எல்லாரும் பார்த்தீங்கல்ல.”

“உசிரோட இருக்கிற ஆளுக்குக் கட்டுனாத்தான் சாயும்னு உங்களுக்குத் தெரியும்மா. இந்த மலையில அந்த முடிச்சுத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டுந்தான். அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க சொல்லலை.”

ரூபாவதி எழுந்து ஜன்னலை நோக்கிப் போனாள். திரும்பாமலே பேசினாள்.

“இன்னைக்குக் காலையில அவர் என்கூடக் காபி குடிச்சார், ராக்கு. சர்க்கரை கம்மின்னு முறைச்சார். இன்னைக்கு. இப்ப நான் இப்படிச் சொன்னா அது நெசம். பொழுது சாஞ்சு விடிஞ்சுட்டா அது நேத்து. அதுக்கப்புறம் முந்தா நேத்து. அப்புறம் போன வருஷம். அவரைப் புதைக்கிறதுக்கு எனக்குப் பயமில்லை. அவர் நேத்தாப் போயிடுவார், அதுக்குத்தான் பயமா இருக்கு.”

முத்துராக்கு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். தினமும் கொழுந்துப் பையோடு அவள் கிளப் வழியாகப் போகும்போது எழுந்து நின்று வணக்கம் சொன்ன ஒரே ஆம்பளை அவர்தான்.

“உங்களுக்கு இன்னைக்கு முடியக் கூடாது. எனக்கு முடிஞ்சாகணும்மா. நான் வேற என்னத்தைச் சொல்ல?”

அவ்வளவுதான் அவள் பேசியது. கெஞ்சவில்லை, திட்டவில்லை. பிள்ளையின் நெற்றியில் விழுந்த வெயிலைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வலித்ததும் மறு கையை வைத்தாள். ரூபாவதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்வதற்கில்லை, நேரமே ஓடாத இடம் அது. பிறகு அவள் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து உதறினாள்.

“போய் முகத்தைக் கழுவிட்டு வா. தேயிலைக் கறையோட இதைப் போடக் கூடாது.”

“நானா? நான் பொம்பளம்மா, கொழுந்து கிள்ளுறவ. மேனேஜர் தொர யாருக்காவது—”

“எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தான் எனக்குக் கட்டத் தெரியும். என் எதிர்ல நீதான நிக்கிறே.”

பின்கட்டில் முகமும் கையும் கழுவிக்கொண்டு வந்தாள் முத்துராக்கு. சேலை மேலேயே வெள்ளைச் சட்டையை மாட்டினாள், கோட்டு தொடை வரை தொங்கியது, கை விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இடுப்பில் பிள்ளையோடு அவள் நிற்க, ரூபாவதி காலரைத் தூக்கிவிட்டு, பட்டுத் துணியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒன்றை ஒன்றின் மேல் போட்டு, மடித்து, நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டாள். இழுத்தால் தீர்ந்தது. அவள் இழுக்கவில்லை.

வாசலில் நாங்கள் கூடிவிட்டிருந்தோம். போதகர் கண்ணை மூடியிருந்தார். நீல டையோடு மேனேஜரும் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றான். ரூபாவதி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள், மேசையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். வேண்டாம் என்று விட்டுவிடப் போகிறாள் என்றே நினைத்தோம்.

முத்துராக்குவுக்குக் கழுத்து கூசியிருக்க வேண்டும். அவள் மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“சரியா இருக்காம்மா?”

அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அந்த நேரத்தில் என்ன கேட்கப்படும் என்பது அந்த இரண்டு பேரைத் தவிர அன்றுவரை யாருக்கும் தெரியாது. ரூபாவதி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். “போ.”

சொல்லிக்கொண்டே இழுத்தாள்.

ஆனைக்கல்லின் முதுகிலிருந்து சூரியன் வழுக்கி இறங்கியது. நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்தி மந்தாரைகள் முழுக்க அவிழ்ந்தன, கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கூண்டுக்குள் போயின, பூசாரி சூடத்தைக் கொளுத்தினார், பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது, ஃபாக்டரிச் சங்கு ஊதிற்று. முத்துராக்கு கோட்டின் நுனி தொடையில் தட்ட எங்கள் நடுவே நடந்து போனாள், நாங்கள் விலகி வழிவிட்டோம். கிளப் வராந்தாவில் அந்த மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை அந்தக் கறுப்புக் கோட்டில் முகத்தைப் புதைத்து ஒரு கொட்டாவி விட்டது, கண்ணை மூடியது.

மேனேஜர் படியேறி அவள் முன்னால் போய் நின்றான். அவளை என்னவென்று கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைவு வந்தது, தூங்குகிற பிள்ளையோடு எழுந்து, டீ மேக்கர் ஐயா சொல்வது போலவே, “வணக்கம்” என்றாள். “வணக்கம்” என்றான் அவனும், பிறகு இறங்கிப் போய் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் வாங்கிக் குடித்தாள்.

சத்தியநேசனை அந்த அந்தி வெளிச்சத்தில் அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். கிளப்பைக் கடக்கும்போது முத்துராக்கு மறுபடி எழுந்து நின்றாள். அவரை மண்ணில் இறக்கி மூடியபோது நல்ல இருட்டு. அதன் பிறகு நாங்கள் தூங்கினோம். உட்கார்ந்தவன் உட்கார்ந்த இடத்தில், படுத்தவன் படுத்த இடத்தில் தூங்கினோம்.

இப்போது எங்கள் மலையில் பொழுது சாய்வதற்கு முறை வைத்திருக்கிறோம். வெயில் தாழும்போது முறைக்காரர் யாராயிருந்தாலும், கொழுந்து கிள்ளுகிறவளோ லாரி ஓட்டுகிறவனோ பூசாரியோ, முகத்தைக் கழுவிக்கொண்டு டீ மேக்கரம்மா வீட்டுக்குப் போய் மோவாயைத் தூக்கி நிற்க வேண்டும். மேனேஜருக்கும் முறை உண்டு. அவன் முறை வந்த முதல் நாள் வராந்தாவில் உட்கார்ந்து போகிறவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று நின்று முழங்கால் வலி எடுத்துவிட்டது என்று சொன்னான், நன்றாகச் சிரித்தோம். கல்யாண வீட்டுப் பெண்கள்கூட இப்போது அந்தக் கோட்டைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அடக்கத்துக்கு அடுத்த காலையைப் பற்றி. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ரூபாவதியின் தங்கை தெற்கே நாசரேத் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். போனில் சேதி போய் அங்கே நாட்கள் பல ஆகியிருந்தன, ரயிலும் பஸ்ஸும் மாறி அழுதழுது கண் வீங்கி வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது ரூபாவதி தொட்டியருகே நின்று ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு, “எக்கா, கடைசியா என்னக்கா பேசுனாவ? என்ன சாப்பிட்டாவ?” என்று கேட்டாள்.

“என்கூடக் காபி குடிச்சாரு,” என்றாள் ரூபாவதி. “சர்க்கரை கம்மின்னு முறைச்சாரு.”

“எப்பக்கா?”

கையிலிருந்த டம்ளர் சுத்தமாக இருந்தது. ஜன்னலில் புது வெயில் விழுந்துகொண்டிருந்தது. ரூபாவதி வாயைத் திறந்தாள், ஒரு சொல்லைச் சொல்லப் போய் அதை விழுங்கினாள், வேறொரு சொல்லை எடுத்தாள்.

“நேத்து,” என்றாள், அதற்குப் பிறகுதான் முதன்முறையாக அழுதாள்.